கடுகுக்குப் பல் ராவிய நாட்கள்

முயல் வளர்ப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், மேற்கொண்டு படிக்கும் முன் எழுந்து போய் அதன் தாடையைத் தடவிப் பார்த்துவிட்டு வாருங்கள். ஈரமாக இருந்தால் இதை மூடி வைத்துவிட்டு டாக்டரிடம் போங்கள். காய்ந்திருந்தால் உட்கார்ந்து படிக்கலாம். நான் மூன்று நாளை வீணடித்தேன். தண்ணீர் குடித்ததில் நனைந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

முதலில் ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். நான் கலாவதி. தென்னூரில் ஓர் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் மருத்துவக் காப்பீட்டுக் கோப்புகளைப் பார்க்கும் வேலை. வீடு ஸ்ரீரங்கத்தில், மேலூர் ரோட்டுப் பக்கம், இரண்டாவது மாடி. என் கணவர் பெயர் சுந்தரம். பெயரைச் சொல்லி எழுதக் கை வரவில்லை, அதனால் இனிமேல் 'இவர்' என்றால் அவர்தான். துவாக்குடியில் ஒரு சின்னத் தொழிற்சாலையில் இருபத்தாறு வருஷம் தரம் பார்க்கும் வேலையில் இருந்தார். செய்து வரும் இரும்புத் துண்டுகளை அளந்து இது சரி, இது தப்பு என்று ஒதுக்க வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அதை மூடிவிட்டார்கள். அன்றிலிருந்து இவர் வீட்டில், சமையல் இவர் பொறுப்பு.

கடுகு எங்கள் முயல். உடம்பெல்லாம் வெள்ளை, மூக்கின் மேல் மட்டும் ஒரு கறுப்புப் புள்ளி. என்னோடு வேலை பார்த்த ஒரு பெண் மாற்றலாகிப் போனபோது குட்டியாகக் கொடுத்துவிட்டுப் போனாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதனால்தான் முயல் என்று சொல்ல வாயெடுப்பவர்கள் அதை அப்படியே விழுங்கிவிடலாம். பிள்ளைகள் இருந்திருந்தாலும் இந்த முயலை நாங்கள் வைத்துக்கொண்டிருப்போம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எனக்கு வாய் அதிகம். ஓர் இடத்தில் உட்காரவும் தெரியாது, மனசில் ஒன்றை வைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருக்கவும் தெரியாது. கேஸ் சிலிண்டரை அணைக்க மறந்தால் திட்டுவேன், மறக்காமல் அணைத்துவிட்டு அதை என்னிடம் சொல்லாவிட்டாலும் திட்டுவேன். இருபத்து நாலு வருஷமாக இவர் அதைக் கேட்டுக்கொண்டே அடுத்த வேலையைப் பார்க்கிற மனிதர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கடுகின் தாடை நனைந்திருந்தது. திங்கட்கிழமை தட்டில் பாதி மீந்தது. செவ்வாய்க்கிழமை காலை அது ஓடி வந்து ஒரு கேரட் துண்டை வாயில் எடுத்தது, கீழே போட்டது, மறுபடி எடுத்தது, மறுபடி போட்டது. பிறகு தட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பசி இருக்கிறது, தின்ன முடியவில்லை. கூண்டில் கிடந்த புழுக்கைகள் மிளகு அளவுக்குச் சிறுத்திருந்தன.

பக்கத்தில் ஒரு டாக்டர் இருந்தார், மாடும் நாயும் பார்ப்பவர். நல்ல மனிதர். "முயல் எனக்கு அவ்வளவா பழக்கமில்லீங்க. வைட்டமின் சொட்டு தரேன். முன் பல்லு நீளமாத் தெரியுது, நகவெட்டியால நுனியை எடுத்து விட்டுப் பாருங்களேன்" என்றார். நகவெட்டியை எடுத்துக்கொண்டு இவரும் நானும் கடுகின் முன்னால் உட்கார்ந்தோம். இவர் அந்தப் பல்லை உற்றுப் பார்த்தார். "வேணாம் கலா, பல்லு பிளந்துக்கும்" என்று வைத்துவிட்டார். பிளந்த இரும்பை ஒதுக்கிப் பழகிய கைக்கு அது தெரிந்திருக்கிறது. பிறகு நாங்கள் போன தென்னூர் டாக்டரும் அதையேதான் சொன்னார்.

புதன்கிழமை காலை இவர் துறையூர் போக வேண்டியிருந்தது. இவருடைய சித்தப்பாவுக்குக் காரியம். போகாமல் இருக்க முடியாது. "நீ பார்த்துக்க" என்று மூன்று தரம் சொல்லிவிட்டுப் போனார். நான் ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு, மூடி போட்ட பிளாஸ்டிக் கூடையில் பழைய துண்டை விரித்து, கடுகை வைத்து, ஸ்கூட்டரின் முன்னால் கால் வைக்கும் இடத்தில் இறுக்கிக்கொண்டு கிளம்பினேன். காவிரிப் பாலத்தில் நெரிசல். ஒரு லாரி ஹாரன் அடிக்கும்போதெல்லாம் கூடைக்குள் ஒரு துள்ளல் கேட்டது. அந்த லாரிக்காரரிடம் நான் சொன்னதை இங்கே எழுத முடியாது.

தென்னூரில் அந்த கிளினிக்கை என் ஆபீஸ் தோழி சொல்லியிருந்தாள். டாக்டர் பெயர் நசீமா. முப்பது வயதைத் தாண்டியிருக்காது. வரவேற்பறையில் ஆறு நாய்கள், இரண்டு பூனைகள், நான். பக்கத்தில் இருந்தவர் கூடைக்குள் எட்டிப் பார்த்து, "முயலா? என்ன பிரச்சினைங்க?" என்றார். பல் என்றேன். சிரித்தார். "பல்லுக்கா ஆஸ்பத்திரி?" என்றார். உங்கள் நாய்க்கு என்ன என்று கேட்டேன். காதில் சீழ் என்றார். "காதுக்கா ஆஸ்பத்திரி?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய் வாசலில் நின்றுகொண்டேன். பிறகு உள்ளே வந்தேன். பிறகு மறுபடி வாசலுக்குப் போனேன். எங்கள் முறை வருவதற்குள் அந்த வாசற்படியை நான் தேய்த்திருப்பேன்.

டாக்டர் கடுகைத் துண்டில் சுற்றி, காது பார்க்கும் விளக்குக் குழாயை வாயின் ஓரத்தில் நுழைத்து உள்ளே பார்த்தார். இரண்டு பக்கமும் பார்த்தார். "சாப்பிட என்னம்மா கொடுக்கறீங்க?" என்றார்.

"காலையில கேரட், பீன்ஸ், கொஞ்சம் கீரை. சாயங்காலம் ஊற வெச்ச அவல். எல்லாம் பொடியா நறுக்கித்தான் கொடுப்போம் டாக்டர். எங்க வீட்டுக்காரர் நறுக்குவார். உளுந்து அளவுக்கு. ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசுன்னு இருக்கவே இருக்காது."

சொல்லும்போது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. டாக்டர் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். முயலின் பல் நம் நகம் மாதிரி வளர்ந்துகொண்டே இருக்கும். முன் பல் மட்டுமல்ல, கடைவாய்ப் பல்லும் அப்படித்தான். அது தேய வேண்டுமென்றால் நீளமான புல்லை நாள் முழுக்கப் பக்கவாட்டில் அரைத்து அரைத்து மெல்ல வேண்டும். அவலையும் பொடியாக நறுக்கியதையும் கொடுத்தால் இரண்டு கடியில் விழுங்கிவிடும், பல்லுக்கு வேலை இருக்காது. தேயாத பல்லின் ஓரம் கூராகிவிடும். கீழ்ப் பல்லின் கூர் நாக்கைக் கிழிக்கும், மேல் பல்லின் கூர் கன்னத்தைக் கிழிக்கும். வலியில் விழுங்க முடியாமல் எச்சில் ஒழுகும். இதைவிட ஆபத்து ஒன்று உண்டு. முயல் சாப்பிடாமல் இருந்தால் அதன் குடல் அசையாமல் நின்றுவிடும். அப்படி நின்றால் ஒரே நாளில்கூட உயிர் போய்விடும்.

"நறுக்காமக் கொடுத்திருந்தா வந்திருக்காதா டாக்டர்?"

"சிலதுக்குப் பிறவியிலேயே தாடை ஒழுங்கா அமையாது. இது எந்த வகைன்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா சாப்பாடும் ஒரு காரணம்தான்ம்மா. நான் மறைக்கலை" என்றார்.

அன்றைக்குத் தோலுக்கடியில் குளுக்கோஸ் தண்ணீர் ஏற்றி, வலிக்கு மருந்து கொடுத்தார். மறுநாள் மயக்கம் கொடுத்துப் பல்லை ராவ வேண்டும். நம் பல் டாக்டர்கள் வைத்திருப்பார்களே, சுழலும் சின்ன அரம், அதேதான். "மயக்கத்துல இருந்து முழிக்காமலும் போகலாம். அது எல்லா முயலுக்கும் உள்ள ஆபத்து. தெரிஞ்சுதான் கையெழுத்துப் போடணும்" என்றார். புல்லை அரைத்த பொடி ஒன்றைக் கொடுத்து, வெந்நீரில் குழைத்து, ஊசி இல்லாத சிரிஞ்சால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஊட்டச் சொன்னார்.

வெளியே வந்து ஸ்கூட்டரின் பக்கத்தில் நிற்கும்போது துறையூரிலிருந்து போன் வந்தது. "என்ன சொன்னாங்க? ஏன் வந்துச்சாம்?" என்றார் இவர்.

நியாயமாகப் பார்த்தால் நான் அங்கேயே ஆரம்பித்திருக்க வேண்டும். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் அந்த நேரத்தில் எனக்கு இவருடைய காலை நேரம் ஞாபகம் வந்தது. ஆலை மூடிய பிறகு ஆறு மாதம் இவர் காலையில் எழுந்து, குளித்து, சட்டை போட்டுக்கொண்டு, போக இடமில்லாமல் பால்கனியில் நின்றார். கடுகு வந்த பிறகுதான் அது நின்றது. பலகையை எடுத்து வைத்து, கேரட்டை முதலில் நீளவாக்கில், பிறகு குறுக்கில், ஒரே அளவில் நறுக்கி, பெரிதாகப் போன துண்டுகளை ஒதுக்கிவிட்டுத் தட்டில் வைப்பார். ஒதுக்கியது எங்களுக்கு. அந்த வேலையைத்தான் நான் இப்போது இவரிடமிருந்து பிடுங்க வேண்டும்.

"பிறவிக் கோளாறாம். தாடை அமைப்பே அப்படியாம். நாளைக்கு ராவிடுவாங்க. இனிமே புல்லு மட்டும்தானாம்" என்றேன்.

"பிறவியிலேயேவா?" என்றார்.

"ஆமா. வெச்சிடறேன், வெயில்."

என் வாழ்க்கையில் நான் இவ்வளவு சுருக்கமாகப் பேசியதே இல்லை.

அடுத்து நான் செய்த காரியத்தை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் இதைப் படிக்கிறவர்களுக்கு இதுதான் உதவும். பதினெட்டு வருஷமாக நான் டிஸ்சார்ஜ் சம்மரி படிக்கிறவள். எந்த ஆபரேஷனுக்கு எத்தனை நாள் படுக்கை, என்ன மருந்து, எல்லாம் எனக்குத் தெரியும் என்ற நினைப்பு. மயக்க மருந்து என்றால் முந்தின நாள் பத்து மணிக்கு மேல் வயிறு காலியாக இருக்க வேண்டும் என்பது எனக்கு மனப்பாடம். டாக்டர் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஊட்டச் சொன்னதை, பத்து மணி வரைக்கும் என்று நானாகவே அர்த்தம் செய்துகொண்டேன். துறையூரிலிருந்து திரும்பிய இவர் சிரிஞ்சை எடுத்தபோது, "நாளைக்கு ஆபரேஷன். பட்டினியாத்தான் இருக்கணும், எனக்குத் தெரியும்" என்று பிடுங்கி வைத்தேன். கடுகோடு சேர்ந்து இவரும் காலையில் காபி குடிக்கவில்லை.

வியாழக்கிழமை நான் வண்டி ஓட்ட, இவர் பின்னால் கூடையை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். டாக்டர் முதல் கேள்வியாக, "கடைசியா எப்ப ஊட்டினீங்க?" என்றார்.

"நேத்து ராத்திரி பத்து மணியோட நிறுத்திட்டேன் டாக்டர். சுத்தமா வெறும் வயிறு."

டாக்டரின் முகம் மாறியது. "அம்மா, முயலுக்கு வாந்தி எடுக்கவே வராது. நமக்குப் பட்டினி போடறது வாந்தி எடுத்துப் புரையேறக் கூடாதுன்னு. இதுக்கு அந்தப் பயமே கிடையாது. வயிறு காலியானாதான் ஆபத்து. நான் ஊட்டச் சொன்னேனே?"

இவர் என்னைப் பார்ப்பார் என்று நினைத்தேன். இவர் கூடையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இப்ப ஊட்டலாமா மேடம்?" என்று மட்டும் கேட்டார்.

உடனே ஊட்டி, குடல் அசைய ஊசி போட்டு, ராவுவதை மதியத்துக்குத் தள்ளினார்கள். காத்திருப்பதற்கு நான்கு மணி நேரம். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. டீக்கடைக்குப் போனேன், குடிக்காமல் திரும்பினேன். மருந்துக் கடைக்குப் போனேன், எதற்கு வந்தேன் என்று தெரியாமல் இருமல் மிட்டாய் வாங்கிக்கொண்டு வந்தேன். என் அவசரப் புத்தியால் அது செத்துப்போனால் நான் என்ன செய்வேன் என்பதைத் தவிர வேறு எதுவும் மனசில் ஓடவில்லை. இவர் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

இவருக்குப் பக்கத்தில் ஜீயபுரத்துக்காரர் ஒருவர் ஆட்டுக்குட்டியைத் துண்டில் சுற்றி வைத்துக்கொண்டிருந்தார். குட்டியின் முன்னங்கால் ஒடிந்திருந்தது. புல் எங்கே கிடைக்கும் என்று இவர் அவரிடம் விசாரித்தார். "புல்லா? எங்க வாழைத் தோட்டத்து வரப்புல மண்டிக் கெடக்குங்க. மருந்தடிக்காத வரப்பு ஒண்ணு இருக்கு. எப்ப மறுபடி வரீங்கன்னு சொல்லுங்க, அறுத்துட்டு வரேன்" என்றார் அவர். முயல் கறிக்கா என்று அவர் கேட்கவில்லை. அதற்காகவே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

கையெழுத்தை இவர் போட்டார். என் கைக்கு எழுத்து வரவில்லை. உள்ளே கொண்டுபோய் முக்கால் மணி நேரம் கழித்து டாக்டர் வெளியே வந்து, ராவியாகிவிட்டது, நாக்கில் ஆழமான புண் இருக்கிறது, மயக்கம் தெளியத் தாமதமாகிறது என்றார். அந்தத் தாமதம் இன்னொரு முக்கால் மணி நேரம் நீண்டது. பிறகு எங்களை உள்ளே கூப்பிட்டார்கள். கடுகு வெந்நீர்ப் பையின் மேல் ஒருக்களித்துக் கிடந்தது. கண் பாதி திறந்திருந்தது. இவர் அதன் மூக்குப் புள்ளியில் விரலை வைத்தார். மூக்கு அசைந்தது. எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது, துடைக்கத் துண்டில்லாமல் இவர் சட்டையில் துடைத்துக்கொண்டேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு நிம்மதி வரும் என்று நினைத்தால், அதற்குப் பிறகுதான் பாடு. பல் ராவியாகிவிட்டது, வலி மருந்து போகிறது, ஆனால் கடுகு தானாக ஒரு வாய் தின்னவில்லை. நாங்கள் சிரிஞ்சால் ஊட்டுவது மட்டும் உள்ளே போனது. ராத்திரியை இரண்டாகப் பிரித்துக்கொண்டோம். ஒரு மணி வரை இவர், அதற்கு மேல் நான். என் முறை வருவதற்கு முன்பே நான் எழுந்து வந்து, இவர் ஊட்டுவது சரியாக இருக்கிறதா என்று பார்ப்பேன். இவர் முறை முடிந்த பிறகும் இவர் போகமாட்டார். ஆக இரண்டு பேரும் தூங்கவில்லை.

காலையில் ராஜகோபுரத்துப் பக்கம் பூக்காரம்மாவிடம் அருகம்புல் கட்டு வாங்கப் போனேன். பிள்ளையாருக்கு விற்கிற புல்தான், முயலுக்கு அதுவும் நல்லது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மூன்று நாள் தொடர்ந்து ஆறு ஆறு கட்டாக வாங்கியதில், "என்ன வேண்டுதலும்மா, பெரிசா இருக்கும் போல" என்று பூக்காரம்மா கேட்டார். ஆமாம் என்றேன். அது பொய்யில்லை.

புல்லைக் கழுவி நீளமாக அப்படியே கடுகின் முன்னால் வைப்போம். முகர்ந்து பார்க்கும். திரும்பி உட்கார்ந்துகொள்ளும்.

இந்த மூன்று நாளும் வீட்டில் ஒரு விசித்திரம் நடந்தது. வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டில் பீன்ஸ் பொரியல் விரல் நீளத்துக்கு இருந்தது. சனிக்கிழமை சாம்பாரில் கத்தரிக்காயை இரண்டாக மட்டும் பிளந்து போட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை வெங்காயம் முழுசாக மிதந்தது. அளந்து நறுக்குகிற மனிதர் கவலையில் கையை விட்டுவிட்டார் என்று நினைத்துக்கொண்டு பேசாமல் சாப்பிட்டேன். மற்ற நாளாக இருந்தால் அந்த வெங்காயத்துக்கு நான் ஒரு மணி நேரம் பேசியிருப்பேன். இப்போது எனக்குப் பேச்சைத் தொடங்கவே பயமாக இருந்தது. எதையாவது திட்ட ஆரம்பித்தால் அது நேரே அந்தப் பலகையில் போய் முடியும் என்று எனக்குத் தெரியும். அதனால் மொத்தமாகவே வாயை மூடிக்கொண்டேன். நாலு நாளாக வீடு ஆஸ்பத்திரி வார்டு மாதிரி இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் டாக்டர் என் போனுக்குக் கூப்பிட்டார். பால்கனிக்குப் போய்ப் பேசினேன். "திங்கட்கிழமைக்குள்ள தானா சாப்பிடலைன்னா மண்டைக்கு எக்ஸ்ரே எடுக்கணும்மா. பல்லோட வேர் தாடை எலும்புக்குள்ள இறங்கிச் சீழ் வெச்சிருந்தா, அதுக்கு மேல வலியிலயே வெச்சிருக்கறது நியாயமில்லை. நாம யோசிக்கணும்" என்றார். எதை யோசிக்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. உள்ளே வந்து, "திங்கட்கிழமை எக்ஸ்ரேயாம், சும்மா பார்க்கறதுக்கு" என்றேன். இவர் தலையை ஆட்டினார்.

திங்கட்கிழமை காலை லேசாக மயக்கி எக்ஸ்ரே எடுக்கக் கடுகை உள்ளே கொண்டுபோனார்கள். இவர் போனில் சொல்லியிருந்தபடி ஜீயபுரத்துக்காரர் ஒரு கோணி நிறைய வரப்புப் புல்லோடு எங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். ஆட்டுக்குட்டிக்குக் கட்டு மாற்றும் நாள் அது. நான் எழுந்து நடக்கப் போனபோது இவர் என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். வெளியிடத்தில் இவர் என் கையைப் பிடித்ததே இல்லை.

"கலா, டாக்டர் உன்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டாங்க இல்ல? கடுகு பிழைக்க மாட்டான்னு."

"யாரு சொன்னா? அப்படியெல்லாம் ஒண்ணும் சொல்லலை."

"என்கிட்ட மறைக்காத. நான் நறுக்கினதாலதான் வந்துச்சுன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். துறையூர்ல இருந்து வரும்போது பஸ்ல போன்ல படிச்சேன். பல்லு ஏன் தேயலைன்னு எல்லாமே போட்டிருந்தது. ராத்திரி வந்ததும் நீ என்னைப் பிடிபிடின்னு பிடிச்சுக்குவேன்னு நினைச்சுக்கிட்டே வந்தேன். நீ ஒண்ணுமே சொல்லலை. அடுத்த நாளும் சொல்லலை. பீன்ஸை அப்படியே போட்டுப் பார்த்தேன், வெங்காயத்தை முழுசாப் போட்டுப் பார்த்தேன். அதுக்கும் திட்டலை." இவர் குரல் உடைந்தது. "சாகப்போற வீட்லதான் யாரும் யாரையும் திட்ட மாட்டாங்க. நீ திட்டலைன்னதும் அவன் போயிடுவான்னு எனக்கு முடிவாயிடுச்சு. நாலு நாளா ஒவ்வொரு சிரிஞ்சும் அவனுக்குக் கடைசியா ஊட்டறதா நினைச்சுத்தான் ஊட்டினேன்."

இவர் மனசு நோகக் கூடாது என்று நான் நாலு நாளாக நாக்கைக் கடித்துக்கொண்டிருந்தேன். அந்த நாலு நாளும் இவர் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, உயிரோடு இருக்கிற முயலுக்குத் துக்கம் அனுசரித்திருக்கிறார். நல்லது செய்வதாக நினைத்து இவர் நறுக்கினார். நல்லது செய்வதாக நினைத்து நான் பேசாமல் இருந்தேன். பிறகு எனக்கு வந்ததே கோபம்.

"உளுந்து அளவுக்கு நறுக்கச் சொல்லி உங்களை யாருங்க கேட்டா?" என்று ஆரம்பித்தேன். "அது என்ன பல்லு செட் கட்டின முயலா? முயல் என்ன திங்கும்னு வாங்கின அன்னிக்கே போன்ல பார்க்க வேண்டியதுதானே, இப்பப் பஸ்ல உட்கார்ந்து பார்த்தீங்களாக்கும். இருபத்தாறு வருஷம் சரி தப்பு பார்த்தவருக்கு இது தெரியலை. சரி, தெரிஞ்சுதே, அப்பவாவது வாயைத் திறந்தீங்களா? திட்டலை, திட்டலைன்னு பீன்ஸை வெச்சுப் பரீட்சை பண்ணீங்களா? அந்த வெங்காயத்தை நான் எப்படி முழுங்கினேன்னு தெரியுமா உங்களுக்கு? பட்டினி போட்டுக் கொல்லப் பார்த்தது நானு. அதுக்கு என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா? கேட்டாத்தானே? இப்படி ஒரு மனுஷனைக் கட்டிக்கிட்டு..."

வரவேற்பறை முழுவதும் திரும்பிப் பார்த்தது. ஒரு லாப்ரடார் எழுந்து நின்றது. ஜீயபுரத்துக்காரர் ஆட்டுக்குட்டியின் காதைப் பொத்தினார். நான் நிறுத்தவில்லை. நாலு நாள் பாக்கி இருந்தது. இவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டே இருந்தார், கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது, ஆனால் தோள் மெல்ல மெல்ல இறங்கி, முதுகு நாற்காலியில் சாய்ந்தது. நாலு நாளாக இவர் சாய்ந்து உட்கார்ந்து நான் பார்க்கவில்லை.

டாக்டர் எக்ஸ்ரேயைக் கையில் வைத்துக்கொண்டு கதவருகில் நின்றிருந்தார். நான் மூச்சு வாங்கிய இடைவெளியில், "வேர் நல்லா இருக்கும்மா. சீழ் இல்லை. நாக்குப் புண்ணாலதான் சாப்பிடலை. இன்னும் ரெண்டு மூணு நாள் ஊட்டுங்க, சாப்பிட்டுடும்" என்றார். பிறகு, "ஆனா இது இதோட முடியாது. அஞ்சாறு வாரத்துக்கு ஒரு தடவை ராவ வேண்டியிருக்கும். ஒவ்வொரு தடவையும் மயக்கம், ஒவ்வொரு தடவையும் இதே ஆபத்து. அது இருக்கிற வரைக்கும்" என்றார்.

"வரோம் மேடம்" என்றார் இவர்.

புதன்கிழமை மத்தியானம் கடுகு வரப்புப் புல்லில் ஒன்றைப் பிடித்து, நுனியிலிருந்து அடி வரைக்கும் நிதானமாக உள்ளே இழுத்தது. மெல்லும் சத்தம் கேட்டது. நான் ஆபீசில் இருந்தேன். இவர் போனை அதன் வாயருகில் வைத்து எனக்குக் கேட்க வைத்தார்.

அதற்குப் பிறகு மூன்று முறை ராவியாகிவிட்டது. இரண்டாவது முறை மயக்கம் தெளிய ரொம்ப நேரமானது. டாக்டர் ஒவ்வொரு முறையும் அதே தாளை நீட்டுவார், இவர் கையெழுத்துப் போடுவார். பழகிவிடும் என்று சொல்கிறார்கள். எனக்குப் பழகவில்லை. தேதி நெருங்க நெருங்க எனக்கு ராத்திரியில் தூக்கம் போய்விடுகிறது, இந்த முறை விழிக்காது என்றே தோன்றுகிறது.

நாளை மறுபடி போகிறோம். இவர் கூடையில் துண்டை விரித்து வைத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அந்தத் துண்டு ஏன் இப்படிக் கசங்கியிருக்கிறது என்று ஆரம்பித்துவிட்டேன்.